ரிவ்யூ தாளில் ‘காப்பி’ என்று எழுதலாமா?

திருப்பூரிலிருந்து எழுதியிருக்கும் வாசகி, தம் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கோவைக் கல்லூரி ஒன்றில் காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் படித்தவர். குழந்தைகளுக்கான பின்னலாடை தயாரிக்கும் நிறுவனத்தில் சில ஆண்டுகளாகப் பணியாற்றுகிறார். அந்நிறுவனம் சொந்த பிராண்டில் உள்நாட்டில் விற்பதோடு ஐரோப்பிய பையர்களுக்கும் (ஆர்டர் கொடுத்து வாங்கும் நிறுவனங்களுக்கும்) ஏற்றுமதி செய்கிறது. டிசைனர்கள் வரைந்து தரும் ஒவ்வொரு வடிவமைப்பும் சாம்பிள் பிரிவுக்குப் போகும் முன் இவருடைய மேசைக்கு வருகிறது. குறைநிறைகளை எழுதி, திருத்தங்களைச் சொல்லி, ரிவ்யூ தாளில் கையெழுத்திடுவது இவருடைய பொறுப்பு.

சிக்கல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திருக்கின்றன. “உழைப்பே தெரியவில்லை, குழந்தைத்தனமாக இருக்கிறது” என்று இவர் எழுதிய குறிப்பைக் காட்டி, புதிதாகச் சேர்ந்த டிசைனர் ஒருவர் மனிதவளப் பிரிவில் புகார் செய்திருக்கிறார். வெளியிலிருந்து கிராஃபிக் வரைந்து தரும் அனுபவமிக்க ஃப்ரீலான்சர் ஒருவர், “என் வேலையில் கை வைக்காதீர்கள்” என்று திருத்தங்களை மறுத்துவிட்டார். இதற்கிடையில் முதலாளியின் மகன் வெளிநாட்டுக் கடையில் வாங்கிய ஒரு பெண் குழந்தை ஃப்ராக்கைக் கொண்டுவந்து, நிறத்தையும் பூவின் இடத்தையும் மாற்றினால் போதும், “30 சதவீதம் மாறினால் அது நம் டிசைன்” என்று சொல்லியிருக்கிறார். வாசகி ரிவ்யூ தாளில் ‘காப்பி’ என்று எழுத, டிசைன் பிரிவின் தலைவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்லியிருக்கிறார். கடைசியாக ஒரு மனக்குறை: இவருடைய திருத்தங்களால் உருப்பெற்ற ஹூட் வைத்த ஜாக்கெட் ஒன்று பெரிய ஆர்டரைப் பெற்றது, பையருக்குக் காட்டிய கோப்பில் தலைவரின் பெயர் மட்டுமே இருந்தது. 30 சதவீதக் கணக்கு உண்மையா, கையெழுத்திட்டதற்காக நான் சிறைக்குப் போக நேருமா, அந்த ஜாக்கெட்டில் எனக்கு உரிமை உண்டா, வேலையை விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

நான் வழக்கறிஞர், ஆடை வடிவமைப்பில் உங்களுக்குப் பாடம் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் பையருக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே தகராறு எழும்போது டெக் பேக் (ஆடையின் அளவு, துணி, தையல் விவரங்கள் அடங்கிய கோப்பு), கமெண்ட் மெயில், ரிவ்யூ தாள் ஆகியவற்றை வரிவரியாகப் படிப்பது என் வேலையின் ஒரு பகுதி. அந்தப் பழக்கத்தில் ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் நான்கு கேள்விகளும் தனித்தனியானவை போலத் தோன்றினாலும், நான்கும் ஒரே தாளில் வந்து நிற்கின்றன. நீங்கள் எழுதும் ரிவ்யூ தாள் டிசைனரோடு பேசும் பேச்சு மட்டுமன்று. அது தேதியும் கையெழுத்தும் கொண்ட ஆவணம். பின்னாளில் உங்களைத் தெரியாத ஒருவர் அதைப் படிக்கக்கூடும் என்ற நினைவோடு எழுதினால், புகார், திருத்தம், பெயர், பொறுப்பு ஆகிய எல்லாவற்றிலும் உங்கள் நிலை உறுதியாகும்.

ஆடையைப் பற்றி எழுதுங்கள்

புகார் செய்த டிசைனரின் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் முழுமையாக நிற்க முடியவில்லை. “உழைப்பே தெரியவில்லை” என்பது வடிவமைப்பைப் பற்றிய மதிப்பீடு அன்று. வரைந்தவரைப் பற்றிய தீர்ப்பு. மருத்துவர் நோயாளியின் தாளில் காய்ச்சலின் அளவை எழுதுவாரேயன்றி, ‘உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்’ என்று எழுதமாட்டார். உங்கள் குறிப்பில் இருந்த எரிச்சலுக்குக் காரணம் இருந்திருக்கலாம். ஆனால் அந்த வரியைப் படித்த டிசைனருக்கு அடுத்து எதைத் திருத்துவது என்று தெரிந்திருக்காது. அதுவே அந்தக் குறிப்பின் உண்மையான குறை.

என் கண்ணில் பட்ட நல்ல ரிவ்யூ குறிப்புகள் மூன்று செய்திகளைச் சொல்கின்றன: என்ன தெரிகிறது, அதனால் என்ன நேரும், எதை முயன்று பார்க்கலாம். “கழுத்து சரியில்லை” என்பதற்குப் பதிலாக, “4 வயது அளவில் ரிப்பை (கழுத்தின் பின்னல் பட்டையை) முழுவதும் இழுத்தாலும் தலை நுழையச் சிரமம், சிறு குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது என்பதால் சைஸ் செட்டில் (எல்லா அளவிலும் தைக்கும் சோதனை மாதிரிகளில்) இது பிடிபடும், இடது ஷோல்டரில் ஸ்னாப் பட்டன் வைத்த பிளாக்கெட் (திறப்புப் பட்டை) அல்லது இழுபடும் எலாஸ்டேன் கலந்த ரிப் முயன்று பார்க்கவும்” என்று எழுதினால், டிசைனருக்கும் பேட்டர்ன் மாஸ்டருக்கும் வேலை தெளிவாகிறது. “பிரிண்ட் கனம்” என்று நிறுத்திவிடாமல், “மெல்லிய சிங்கிள் ஜெர்சித் துணியில் மார்பு முழுவதும் ரப்பர் பிரிண்ட் வருகிறது, இழுக்கும்போது வெடிக்கலாம், குழந்தைக்கு வியர்க்கும், நிரப்பிய பரப்பைக் கோடுகளாக உடைக்கவும், அல்லது பிக்மென்ட் பிரிண்டில் ஸ்ட்ரைக் ஆஃப் (மாதிரி அச்சு) எடுத்து ஒப்பிடவும்” என்று எழுதலாம். ஒரே திசையில் நிற்கும் பிரிண்ட் என்றால் மார்க்கரில் (துணியில் வெட்டும் துண்டுகளை அடுக்கும் வரைபடத்தில்) பேனலைத் திருப்பி வைக்க முடியாமல் துணிச் செலவு கூடும் என்பதையும், சைடு சீமைத் தாண்டி ஓடும் உருவம் சலவைக்குப் பின் துணி முறுக்கிக்கொண்டால் கோணும் என்பதையும் நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். அறிந்ததைத் தாளில் எழுதுங்கள் என்பதே நான் கேட்பது.

அதோடு, குறிப்புகளை மூன்று தரமாகப் பிரித்து எழுதும் வழக்கத்தை உங்கள் பிரிவில் கொண்டுவர முயலுங்கள். பாதுகாப்பு, அளவு, சட்டம் சார்ந்தவை கட்டாயம் மாற்ற வேண்டியவை. தையல் எளிமை, துணிச் செலவு, விலை சார்ந்தவை பேசித் தீர்மானிக்க வேண்டியவை. நிறம், உருவம், மனநிலை சார்ந்தவை ரசனை. ரசனையை ரசனை என்றே குறிப்பிடுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. நான் படித்த சண்டைகளில் பாதிக்கு மேல், ஒருவர் தம் ரசனையைத் தர விதி போல எழுதியதில் தொடங்கியவை. எந்த வயது, எந்தச் சந்தை, என்ன விலை, எந்தத் துணி என்ற பிரீஃப் எழுத்தில் இல்லாமல் வரும் வடிவமைப்பை மதிப்பிடவே ஒப்புக்கொள்ளாதீர்கள். அளவுகோல் இல்லாத இடத்தில் பதவியில் பெரியவரின் ரசனைதான் வெல்லும். புதிதாகச் சேர்ந்தவருக்கு அது அவமானமாகத்தான் தோன்றும்.

‘30 சதவீதம்’ என்ற நம்பிக்கை

இந்தக் கணக்கு திருப்பூரில் மட்டுமல்லாமல் ஆடைத் தொழில் நடக்கும் பல ஊர்களிலும் உலவுகிறது. சில இடங்களில் 20 என்பார்கள், சில இடங்களில் ஏழு மாற்றம் போதும் என்பார்கள். எந்தச் சட்டத்திலும் அப்படி ஓர் எண் இல்லை. இந்தியாவின் வடிவமைப்புச் சட்டம், 2000-இன் 22-ஆவது பிரிவு, பதிவு பெற்ற வடிவமைப்பை அப்படியே பயன்படுத்துவதை மட்டுமன்றி, மோசடியான அல்லது வெளிப்படையான போலியையும் தடுக்கிறது. எத்தனை சதவீதம் மாறியது என்று நீதிமன்றம் அளப்பதில்லை. மொத்தமாகப் பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றுகின்றனவா என்று பார்க்கிறது. நிறத்தை மாற்றிப் பூவை இடமிருந்து வலத்துக்கு நகர்த்துவது அந்தக் கண்ணை ஏமாற்றாது.

அதே சமயம், உங்கள் நிறுவனத்துக்குச் சாதகமான சட்ட நிலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் நினைப்பதுபோல் ‘வெளிநாட்டு டிசைனைப் பார்த்துச் செய்தாலே குற்றம்’ என்பதும் சரியன்று. இந்தியாவில் வடிவமைப்புச் சட்டத்தின் பாதுகாப்பு பதிவு செய்தவருக்குத்தான். முதலில் 10 ஆண்டுகள், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டுகள். பதிவு செய்யாமல் விட்டவர் பதிப்புரிமைச் சட்டத்தை நாடினால், அங்கே பிரிவு 15(2) குறுக்கே நிற்கிறது: பதிவு செய்யத்தக்க ஒரு வடிவமைப்பை உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ தொழில்முறையில் 50 முறைக்கு மேல் பொருளாக்கிவிட்டால், அந்த வடிவமைப்பின் மீதான பதிப்புரிமை முடிந்துவிடுகிறது. 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் ரித்திகா நிறுவனத்துக்கும் பீபா நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில், ஆடைகளில் அச்சிட்ட சித்திரங்களுக்கு இந்தப் பிரிவைப் பொருத்தி, வழக்குத் தொடுத்தவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரலில் கிரையோகேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒரு படைப்பு தனிக் கலைப்படைப்பா, தொழில்முறையில் பொருளுக்கு ஏற்றிய வடிவமைப்பா என்பதை வழக்குக்கு வழக்கு ஆராய வேண்டும் என்று கூறியிருக்கிறது. ஆகவே உள்நாட்டுச் சந்தையில் மட்டும் விற்கும் ஆடை என்றால் ஆபத்து நீங்கள் அஞ்சும் அளவுக்கு இல்லாமல் இருக்கலாம். வடிவமைப்புப் பதிவேட்டில் தேடிப் பார்க்காமல் ஆபத்து இல்லை என்று சொல்லவும் முடியாது. அந்தத் தேடல் இணையத்தில் எவரும் செய்யக்கூடியது. ஆடைகள் 2-ஆம் வகுப்பிலும் துணிகள் 5-ஆம் வகுப்பிலும் வருகின்றன.

ஐரோப்பாவுக்குப் போகும் ஆடையின் நிலை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு செய்யாத வடிவமைப்புக்கும், அங்கே முதலில் வெளியானதிலிருந்து 3 ஆண்டுகளுக்கு, நகலெடுப்பதற்கு எதிரான பாதுகாப்பு உண்டு. ஒரு சீசன் ஓடி மறையும் ஆடைத் தொழிலுக்கு அந்த 3 ஆண்டே தாராளம். முதலாளியின் மகன் கொண்டுவந்த ஃப்ராக் சென்ற ஆண்டு அங்குள்ள கடையில் தொங்கியது என்றால், உங்கள் பையர் அதன் சாயலை அதே சந்தையில் விற்கும்போது மாட்டிக்கொள்வார். பர்ச்சேஸ் ஆர்டரின் நிபந்தனைகளில் பெரும்பாலும் இருக்கும் இழப்பீட்டுப் பொறுப்பின் வழியாக அந்தச் சுமை திருப்பூருக்கு வந்து சேரும். நம் நாட்டிலும் பிரிவு 22-இன்கீழ் வரும் தொகை, ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய், ஒரு வடிவமைப்புக்கு மொத்தம் 50,000 ரூபாய் என்ற வரம்புக்கு உட்பட்டது. அதைப் பார்த்து, ‘இவ்வளவுதானே’ என்று சில முதலாளிகள் சிரிப்பதுண்டு. பாதிக்கப்பட்டவர் அதற்குப் பதிலாக நஷ்ட ஈடும் தடையாணையும் கேட்கலாம் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. சீசன் நடுவே சரக்கு குடோனில் முடங்குவதன் விலை என்னவென்று உங்கள் கணக்குப் பிரிவைக் கேட்டால் தெரியும்.

சிறை பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். பதிவு பெற்ற வடிவமைப்பைப் போலி செய்வது இந்தியச் சட்டத்தில் உரிமையியல் வழக்குக்கு உரியது. ரிவ்யூ தாளில் கையெழுத்திட்டதற்காக அந்த ஃப்ராக் உங்களைச் சிறைக்கு அனுப்பாது. ஆனால் உங்கள் துறையில் கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. உரிமம் பெறாத கார்ட்டூன் உருவங்கள், பிற நிறுவனங்களின் லோகோக்கள் ஆகியவற்றுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. பதிப்புரிமையைத் தெரிந்தே மீறுவதும் அதற்கு உடந்தையாக இருப்பதும் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்கீழ் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். வணிகச் சின்னச் சட்டத்திலும் அதுபோன்ற தண்டனைப் பிரிவு உண்டு. அத்தகைய தாளில் உரிமக் கடிதத்தின் நகல் இல்லாமல் கையெழுத்திடாதீர்கள். யார் சொன்னாலும் சரி.

‘காப்பி’ என்ற சொல்லும் கிழித்த தாளும்

இங்கே உங்கள் தலைவரின் பயத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். ‘காப்பி’ என்று நிறுவனத்தின் ஊழியரே எழுதிக் கையெழுத்திட்ட தாள் கோப்பில் இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தேடுவது அதைத்தான். நீங்கள் எழுதியது உண்மையைச் சொல்லும் நோக்கத்தில். ஆனால் அது ஒரு சட்ட முடிவு, அதை எடுக்கும் இடத்தில் நீங்கள் இல்லை. அதற்காகத் தாளைக் கிழிப்பதை நான் ஏற்கவில்லை. திருத்திய பதிப்பு ஒன்றை எழுதி, பழையதைப் பழையது என்று குறித்து வைத்துக்கொள்வதே அலுவலக ஒழுங்கு. தகராறு வந்த பிறகு ஆவணம் அழிந்தது தெரியவந்தால், அந்த ஒற்றைச் சொல் செய்யும் சேதத்தைவிடப் பெரிய சேதம் நேரும்.

முடிவை எழுதாமல், கண்டதை எழுதுங்கள். மூல மாதிரி எது, யார் கொடுத்தார், எவை ஒத்திருக்கின்றன, எவை வேறுபடுகின்றன, பதிவேட்டில் தேடல் நடந்ததா இல்லையா, எந்தச் சந்தைக்கு என்ற விவரங்களை வரிசையாகக் குறித்து, ‘சாம்பிளுக்கு முன் சட்ட ஆலோசனை தேவை’ என்று முடியுங்கள். நிறுவனம் தன் வழக்கறிஞரிடம் ஆலோசனைக்காக எழுதுவதற்குச் சட்டத்தில் மறைகாப்பு (வெளியிடக் கட்டாயப்படுத்த முடியாத பாதுகாப்பு) உண்டு. மனதில் இருக்கும் சந்தேகத்தை முழுமையாகத் திறந்து பேச வேண்டிய இடம் அதுவே.

ஃப்ரீலான்சரின் கோப்பு

“கை வைக்காதீர்கள்” என்று அவர் சொன்ன தொனி உங்களைப் புண்படுத்தியிருக்கலாம்; சட்டப்படி அவர் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. சம்பளத்தில் இருக்கும் டிசைனர் பணியின் பகுதியாக வரைவதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனமே முதல் உரிமையாளர். பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. வெளியிலிருந்து வரைந்து தருபவருக்கு அந்த விதி பொருந்தாது. அவருடைய சித்திரத்தின் பதிப்புரிமை, பொதுவாக, கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தத்தால்தான் கைமாறும். அந்த ஒப்பந்தத்தில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். ஏற்றுமதி செய்யும் நிறுவனத்துக்கு அது சிறிய ஓட்டை அன்று. ஆனால் வடிவமைப்புச் சட்டத்திலோ, ஊதியம் கொடுத்து வரையச் சொன்னவரே உரிமையாளராகக் கருதப்படுகிறார். இரண்டு சட்டங்களும் இப்படி வெவ்வேறு பக்கம் இழுப்பதால், அவரிடம் வாங்கியிருக்கும் ஒப்பந்தத்தை முதலில் தேடிப் பாருங்கள். ‘வாய்ப்பேச்சுதான்’ என்று பதில் வந்தால் எனக்கு வியப்பிருக்காது.

அதுவரை அவருடைய கோப்பைத் திறந்து நீங்களே மாற்றி வரையாதீர்கள். திருத்தத்தை, மேலே சொன்ன முறையில் காரணத்தோடு எழுதி, அவரையே மாற்றித் தரச் சொல்லுங்கள். படைப்பைச் சிதைத்துத் தம் பெயருக்குக் களங்கம் விளைவித்ததாக முறையிடும் உரிமை, பதிப்புரிமை கைமாறிய பின்னும் படைப்பாளிக்கு இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் திருத்தத்தை வெறுப்பதில்லை. தமக்குத் தெரியாமல் திருத்துவதைத்தான் வெறுக்கிறார்கள்.

ஜாக்கெட்டில் உங்கள் பங்கு

இந்தக் கேள்விக்கான பதில் உங்களுக்கு ஏமாற்றம் தரக்கூடும். 4 வயதுக் குழந்தையின் ஹூடிலிருந்து கயிற்றை எடுத்துவிட்டு விளிம்பில் ரிப் பைண்டிங் வைக்கச் சொன்னீர்கள். ஜிப்புக்கு உட்புறம் துணிப்பட்டை சேர்க்கச் சொன்னீர்கள். இரண்டும் அருமையான திருத்தங்கள். ஐரோப்பாவின் இஎன் 14682 தரவிதி, 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ஆடையில் ஹூட், கழுத்துப் பகுதிகளில் கயிறு வைப்பதை அனுமதிப்பதில்லை. அந்தக் கயிறு இருந்திருந்தால் ஆர்டரே திரும்பியிருக்கும். ஆயினும் யோசனை சொன்னவர் என்ற வகையில் உங்களுக்கு அந்த வடிவமைப்பில் உரிமை பிறப்பதில்லை. எண்ணத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 1978-லேயே தெளிவாக்கிவிட்டது. நீங்களே முழுவதும் வரைந்திருந்தாலும், ஊழியர் என்ற முறையில் அது நிறுவனத்தின் சொத்தாகவே இருந்திருக்கும். தலைவருக்கும் அதில் உரிமை இல்லை என்பதைச் சிறு ஆறுதலாகக் கொள்ளலாம்.

உரிமை வேறு, பங்களிப்பின் பதிவு வேறு. இரண்டாவதை நீங்கள் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். “அது என் டிசைன்” என்று தொடங்காமல், “இன்ன தேதியிட்ட ரிவ்யூ தாளில் நான் சொன்ன திருத்தங்கள் இறுதி டெக் பேக்கில் இடம்பெற்றுள்ளன, டெவலப்மென்ட் பிரிவில் என் பெயரையும் சேர்க்க வேண்டுகிறேன்” என்று அலுவலக மெயிலில் எழுதுங்கள். ஆண்டு மதிப்பீட்டின்போது அந்த மெயில் பேசும். ஆனால் அதை நிரூபிப்பதற்காகத் தாள்களைக் கைப்பேசியில் படமெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவதோ, சொந்த மெயிலுக்கு அனுப்புவதோ வேண்டாம். பெயர் கேட்கப் போனவர் ரகசியத்தைக் கசியவிட்டவராக நிற்க நேரும். போர்ட்ஃபோலியோவில் காட்ட வேண்டுமானால் ஆடை கடைக்கு வந்த பிறகு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சந்தைக்கு வருமுன் உங்கள் டிசைனர்கள் எவரும் வடிவமைப்பை இன்ஸ்டாகிராமில் போடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லி வையுங்கள். விண்ணப்பிக்கும் முன் உலகில் எங்கே வெளியானாலும் அது புதியது என்ற தகுதியை இழந்துவிடும், பிறகு பதிவு செய்தாலும் ரத்தாகலாம்.

வேலையை விடுவது பற்றி ஒரு சொல். நீங்கள் விவரித்தவற்றில் அவசரமாக வெளியேற வேண்டிய காரணம் எனக்குத் தென்படவில்லை. விட்டாலும், பணி ஆணையில் இருப்பதாக நீங்கள் குறிப்பிட்ட ‘2 ஆண்டுகளுக்கு வேறு ஆடை நிறுவனத்தில் சேரக் கூடாது’ என்ற நிபந்தனை, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. ரகசியம் காக்கும் கடமை மட்டும் தொடரும்.

இப்போது மேசையில் இருக்கும் ஃப்ராக்

முதலாளியின் மகனிடம் ‘கூடாது’ என்று மட்டும் சொன்னால் அவர் வேறொருவரிடம் போவார். அந்த ஃப்ராக்கில் அவருக்குப் பிடித்தது எது என்று கேளுங்கள். உயர்ந்த இடுப்புக்கோடு, சுருக்கம் வைத்த கை, கீழ்நோக்கி விரியும் ஏ லைன் வடிவம் என்றால், அவை பல தலைமுறைகளாக எல்லாரும் தைப்பவை. எவருக்கும் தனி உரிமை இல்லை. பூவும் அதன் அடுக்கும் நிறச் சேர்க்கையும் என்றால், அவைதான் இன்னொருவரின் உழைப்பு. வடிவத்தை வைத்துக்கொண்டு, பிரிண்டை உங்கள் டிசைனர் வெற்றுத் தாளிலிருந்து வரையட்டும். அவர் கண் முன் அந்த ஃப்ராக் இருக்க வேண்டாம். “அப்படியானால் பழங்குடிப் பூவேலையை எடுத்துக்கொள்வோம், அதற்கு யார் கேட்பது” என்று யாராவது சொல்லக்கூடும். நீலகிரித் தோடர்களின் பூவேலைக்கு 2013-இலிருந்து புவிசார் குறியீடு இருக்கிறது, அச்சிட்ட துணியை அந்தப் பெயரில் விற்க முடியாது என்று நினைவூட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அப்படியே செய்யச் சொன்னால், சண்டையிடவும் வேண்டாம், விழுங்கிக்கொள்ளவும் வேண்டாம். ஒத்திருப்பவற்றைப் பட்டியலிட்ட குறிப்பைத் தலைவருக்கு மெயிலில் அனுப்பி, அவருடைய முடிவைத் தேதியோடு தாளில் எழுதுங்கள். உங்கள் கையெழுத்துக்கு மேலே ஒரு வரி சேருங்கள்: “இந்த மதிப்பீடு அளவு, துணி, பிரிண்ட் முறை, தையல், குழந்தைப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும், வடிவமைப்பு எங்கிருந்து வந்தது என்பது குறித்த முடிவு டிசைன் பிரிவின் தலைவருடையது.”